தொழிலில் சேர்த்த பணத்தை அறத்துக்குத் திருப்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிலை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, "இனி நாலு பேருக்கு உதவலாம்" என்று உட்காருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சுவாக்கிலேயே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் ஆடிட்டர் ஆபீஸில் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு தரும் பதிவு) என்றுதான் இன்னும் பேச்சு. இங்கேயும் அந்தப் பழைய பெயர்களையே வைத்திருக்கிறோம்.

வருஷத்துக்கு மூணு நாலு லட்சம்தான் கொடுக்கிறேன். அதுக்கும் சொந்தமா டிரஸ்ட் வேணுமா?

வேண்டாம். டிரஸ்ட் என்றால் தனி பான், தனி வங்கிக் கணக்கு, வருடாந்திரத் தணிக்கை, ரிட்டர்ன், நன்கொடை அறிக்கை என்று ஓயாத வேலை. மூன்று லட்சம் கொடுப்பதற்கு இத்தனையும் சுமக்கத் தேவையில்லை. நன்றாக நடக்கும் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் 80ஜி கழிவு கிடையாது. பொருளாகத் தந்தாலும் கிடையாது.

கழிவு எவ்வளவு என்பதிலும் பலருக்குத் தவறான கணக்கு இருக்கிறது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் தொகையில் பாதிக்குத்தான் கழிவு. அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. கழிவுகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தில் கட்டும் 'புதிய வரித் திட்டத்தில்' ரிட்டர்ன் போடுகிறவருக்கு ஒன்றுமே இல்லை. 22 சதவீத வரி விகிதத்துக்கு மாறிய கம்பெனிக்கும் இல்லை. வரிச் சலுகையை நம்பித்தான் கொடுக்க நினைத்தீர்கள் என்றால், முதலில் நீங்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

கம்பெனி பணத்துல கொடுத்தா என்ன, என் பணத்துல கொடுத்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி: இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சிஎஸ்ஆருக்கு, அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணிகளுக்கு, செலவிட வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்வது இது. சட்டக் கடமையாகத் தரும் பணத்தை உங்கள் கொடை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதைத் தொழில் செலவாகக் காட்டவும் முடியாது. உங்கள் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை சிஎஸ்ஆரில் சேராது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சிஎஸ்ஆர் பணத்தை உங்கள் சொந்த டிரஸ்ட் வழியாகச் செலவிடலாம். அதற்கு டிரஸ்ட், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு செய்திருக்க வேண்டும். கம்பெனியே தொடங்கிய டிரஸ்ட் என்றால் உடனே வேலை தரலாம். நீங்கள் தனிப்பட்ட முறையில் தொடங்கியது என்றால் மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். டிரஸ்ட் தொடங்கும் நாளிலேயே இதை யோசித்துவிடுவது நல்லது.

டிரஸ்ட், சொசைட்டி, செக்‌ஷன் 8 கம்பெனி... எதைத்தான் போடறது?

பணம் முழுக்க ஒரே குடும்பத்திலிருந்து வருகிறது என்றால் டிரஸ்ட். வெளியாரிடமும் நிதி திரட்டி, நிறையப் பேரை வேலைக்கு வைத்து நடத்தப் போகிறீர்கள் என்றால், லாபத்தைப் பங்கிடாமல் அறப்பணிக்கென்றே கம்பெனிச் சட்டத்தில் பதிவாகும் செக்‌ஷன் 8 கம்பெனி; கணக்கு வழக்கு வெளிப்படையாக இருப்பதால் பெரிய நன்கொடையாளர்கள் அதை நம்புவார்கள். ஆனால் கம்பெனிப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வேலை கூடும். சொசைட்டி, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், நிர்வாகிகளை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். பணம் போட்டவரே தோற்று வெளியேற இடமுண்டு. குடும்பப் பணத்துக்கு அது சரிப்படாது.

பத்திரத்தை வக்கீல் வழக்கமா எழுதற மாதிரியே எழுதிடலாமா?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக அது போதும். தொல்லை பத்து ஆண்டு கழித்து வரும். பொது அறக்கட்டளையின் பத்திரத்தை நினைத்தபோது மாற்ற முடியாது. திருத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுக்கு என்று பத்திரத்திலேயே இல்லாவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். ஆகவே நோக்கங்களை அகலமாக எழுதுங்கள்: "கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு". "இன்ன ஊரில் தையல் பயிற்சி" என்று மட்டும் எழுதினால், தையல் படிக்க ஆள் வராத நாளில் பணம் முடங்கும்.

இவையும் பத்திரத்தில் கட்டாயம் இருக்கட்டும்: அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது, பணிகள் இந்தியாவுக்குள், கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பதிவு பெற்ற அமைப்புக்கே போகும், டிரஸ்டிகளை நியமிக்கும் முறை, நீக்கும் முறை, கோரம் (முடிவெடுக்கக் கூட்டத்தில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை). டிரஸ்டிகள் ஐந்து பேர் இருந்து, அதில் இருவராவது குடும்பத்துக்கு வெளியே இருப்பது எங்கள் கருத்தில் நல்லது. அந்த இருவரில் ஒருவர் "இல்லை" என்று சொல்லத் தயங்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. நிறுவனரின் காலம்வரை எல்லாரும் தலையாட்டிவிட்டு, அவர் போனபின் அடித்துக்கொள்ளும் டிரஸ்டுகள் ஊருக்கு ஊர் உண்டு.

12ஏ வாங்கிட்டா வரியே இல்லைன்னு சொல்றாங்களே?

நிபந்தனையோடுதான். புதிய டிரஸ்டுக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பாக, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரம் என்பது பேச்சுக்குத்தான். அதுவும் ஐந்து ஆண்டு. ஆண்டு வருமானம் 5 கோடியைத் தாண்டாத டிரஸ்டுகளுக்குப் பத்து ஆண்டு. 80ஜி தனி விண்ணப்பம்.

தேதியைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து. பதிவு போனால் அந்த ஆண்டு வருமானத்தோடு நிற்காமல், டிரஸ்டின் நிகரச் சொத்து மதிப்புக்கே உச்ச விகிதத்தில் வரி கேட்கலாம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு இருக்கிறது என்றாலும் அதை நம்பியிருக்காதீர்கள். ஆடிட்டர் நினைவூட்டுவார் என்று விடாமல், டிரஸ்டி ஒருவர் பெயரிலேயே இந்தப் பொறுப்பை எழுதிவையுங்கள்.

வருஷா வருஷம் 85 சதவீதம் செலவு பண்ணியே ஆகணுமாமே. சேர்த்து வைக்கவே கூடாதா?

டிரஸ்டின் வட்டி, வாடகை, பொது நன்கொடை எல்லாம் சேர்ந்து ஒரு கோடி வந்தால், மார்ச் 31-க்குள் 85 லட்சம் நோக்கத்துக்காகச் செலவாகியிருக்க வேண்டும். பில் வந்தால் போதாது, பணம் கைமாறியிருக்க வேண்டும். மிச்சம் 15 லட்சத்தைச் சேமிக்கலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமென்றால் இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு வரித்துறையிடம் தெரிவித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குள் செலவிட வேண்டும். "கல்வி நோக்கத்துக்காக" என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும். "பெண்கள் விடுதியின் இரண்டாம் தளம் கட்ட" என்பதுபோல எழுதுங்கள்.

கார்பஸ், அதாவது மூலநிதி, இந்தக் கணக்கில் வராது. ஆனால் நன்கொடையாளர் "இது கார்பஸுக்கு" என்று எழுத்தில் தந்திருக்க வேண்டும். நீங்களே உங்கள் டிரஸ்டுக்குத் தரும்போதும் அந்தக் கடிதம் வேண்டும். "என் பணம், எனக்கு நானே கடிதமா?" என்று சிரித்துவிட்டு விடுகிறார்கள். பிறகு அந்தத் தொகை முழுக்க அவ்வருட வருமானமாகக் கணக்காகி, 85 சதவீதம் செலவிடச் சொல்லி நோட்டீஸ் வரும்.

ரொக்கத்துக்குப் பதிலா என் கம்பெனி பங்குகளையே டிரஸ்ட் பேருக்கு மாத்திடலாமா? டாடா அப்படித்தானே?

டாடா குழுமத்தின் தலைமைக் கம்பெனியில் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருப்பது உண்மைதான். அவை பழைய ஏற்பாடுகள். 1973 ஜூன் 1 அன்று மூலநிதியில் இருந்த பங்குகளுக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. இன்று வரிவிலக்கு பெறும் ஒரு பொது அறக்கட்டளை உங்கள் கம்பெனிப் பங்குகளைக் காலாகாலத்துக்கும் வைத்திருக்க முடியாது. தானமாக வந்த பங்கை, வந்த நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்குள் விற்று, அனுமதிக்கப்பட்ட முதலீடுகளுக்கு மாற்றிவிட வேண்டும்: வங்கி வைப்பு, அரசுப் பத்திரம், நிலம் கட்டடம், மியூச்சுவல் ஃபண்ட் போன்றவை. நேரடிப் பங்கு கூடாது, ஃபண்ட் வழியாகப் பங்குச்சந்தைக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அஸிம் பிரேம்ஜி 2019 மார்ச்சில் விப்ரோவின் மேலும் 34 சதவீதப் பங்குகளின் பலனை அறப்பணிக்கு ஒதுக்கினார். முன்பு தந்ததோடு சேர்த்து அது 67 சதவீதமானது. அந்த அளவுக்குப் போகிறவர்கள், பங்கை வைத்திருக்கும் அமைப்பு வேறு, பணியைச் செய்யும் அமைப்பு வேறு என்று பிரித்து, பங்கை வைத்திருக்கும் அமைப்புக்கு வரிவிலக்கே கேட்பதில்லை. நடுத்தர அளவு தொழிலுக்கு இது வீண் சிக்கல். டிவிடெண்ட் வாங்கி, வரி கட்டி, மிச்சத்தை டிரஸ்டுக்குத் தருவது எளிது.

பங்கை விற்க எப்படியும் முடிவுசெய்துவிட்டீர்கள் என்றால் மட்டும் வரிசையை யோசியுங்கள். நீங்கள் விற்றுப் பணம் தந்தால் மூலதன ஆதாய வரி உங்கள் தலையில், ஆனால் 80ஜி பொருந்தலாம். தனிநபராகப் பங்காகவே தந்தால் உங்களுக்கு அந்த வரி எழாது, ஆனால் பொருளாகத் தந்ததால் 80ஜியும் கிடையாது. எது லாபம் என்பது பங்கை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

கஷ்டகாலத்துல டிரஸ்ட் பணத்தைக் கம்பெனிக்குக் கைமாத்தா எடுத்துக்கலாமா? திருப்பித் தந்துடுவோம்ல?

எடுக்காதீர்கள். திருப்பித் தருவது இங்கே பரிகாரம் ஆகாது. நிறுவனர், டிரஸ்டி, அவர்களின் உறவினர், அவர்கள் கணிசமான பங்கு வைத்திருக்கும் கம்பெனி: இவர்களுக்குத் தகுந்த ஈடும் வட்டியும் இல்லாமல் டிரஸ்ட் பணம் போனால், அந்தத் தொகைக்கு 30 சதவீத வரி. அதற்கு மேல், முதல் முறை அதே அளவு தொகை அபராதம். அடுத்த முறை இருமடங்கு. பதிவு ரத்தாகும் வாய்ப்பும் உண்டு.

டிரஸ்ட் சிக்கலில் மாட்டும் வழிகளில் இதுவே தலையாயது. பெரும்பாலும் மோசடி எண்ணமே இருக்காது. சம்பள நாள் நெருங்கும், கம்பெனிக் கணக்கில் இருப்பு குறையும், இரண்டு கணக்கும் ஒரே அக்கவுண்டண்ட் கையில் இருக்கும், நாலு நாளைக்கு என்று மாற்றிவிடுவார்கள். கணக்காளரையும் வங்கியையும் வேறுவேறாக வைத்து, இரண்டு டிரஸ்டிகள் கையெழுத்து, அதில் ஒன்று வெளியாருடையது என்று விதி போட்டால் இந்த வழி அடைபடும். டிரஸ்டுக்குப் போன நொடியில் அது உங்கள் பணம் இல்லை என்பதை ஜீரணிக்க முடியாதவர்கள் டிரஸ்ட் தொடங்காமலிருப்பதே மேல்.

மகளுக்கு டிரஸ்ட்ல சம்பளம் போடலாமா?

வேலை செய்தால் போடலாம். அதே வேலைக்கு வெளியாளுக்கு என்ன தருவீர்களோ அந்த அளவு. நியமனத் தீர்மானம், பணி விவரம், வருகைப் பதிவு மூன்றும் கோப்பில் இருக்கட்டும்.

எங்க சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உதவணும்னு அப்பாவோட ஆசை. அப்படி எழுதலாமா?

1962 ஏப்ரல் 1-க்குப் பின் தொடங்கிய அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதப்பிரிவுக்கோ மட்டும் பயன்பட்டால் வரிவிலக்கு கிடைக்காது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அறக்கட்டளைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஊர், வட்டாரம், வருமானம், அரசுப் பள்ளியில் படித்தவர் என்ற அளவுகோல்களால் வரம்பு போடலாம். அப்பாவின் ஊர்ப் பிள்ளைகள் என்று வைத்தாலே பெரும்பாலும் அவர் ஆசை நிறைவேறிவிடும், மற்றவர்களும் பயன்பெறுவார்கள்.

உதவித்தொகைதான் சுலபம்னு நினைக்கிறோம். வருஷம் 25 பிள்ளைங்க, ஆளுக்கு 80,000. சரியா?

முதல் ஆண்டுக்கு 20 லட்சம்தான். ஆனால் நான்காண்டுப் படிப்பு. அடுத்த ஆண்டு புதிதாக 25 பேரை எடுத்தால் மொத்தம் 50, அப்புறம் 75, நான்காம் ஆண்டில் 100 பேர், 80 லட்சம். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கி மூன்றாம் ஆண்டில் புதுச் சேர்க்கையை நிறுத்துகிறவர்கள் நிறைய. இரண்டாம் ஆண்டுப் பிள்ளையை நடுவில் விடுவது உதவாமலே இருப்பதைவிடக் கொடுமை. ஆகவே 20 லட்சம்தான் இயலும் என்றால் ஆண்டுக்கு ஆறு பேர் எடுங்கள். நான்காம் ஆண்டில் 24 பேர், 19 லட்சத்து 20 ஆயிரம்.

அரசு ஏற்கெனவே எதைத் தருகிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரிக் கட்டணத்தையே மறுபடி கட்ட முன்வருவது வீண். பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் மெஸ் பில், பஸ் செலவு, தேர்வுக் கட்டணம், வீட்டில் திடீர் மருத்துவச் செலவு இவற்றால்தான். கட்டணத்தைக் கல்லூரிக் கணக்குக்கு நேரே கட்டுங்கள். கைச்செலவை மாதாமாதம் மாணவர் கணக்குக்கு அனுப்புங்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி தாண்டிப் பணம் போனால் ஒரு பருவமே போய்விடும். "கமிட்டி அடுத்த மாதம் கூடும்" என்ற பதில் அங்கே எடுபடாது.

எத்தனை கோடி போட்டுவிட்டால், பிறகு தொடாமல் தானாகவே ஓடும்?

ஐந்து கோடி மூலநிதி, 7 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு 35 லட்சம். மேலே சொன்ன விதிப்படி 85 சதவீதம், அதாவது 29 லட்சத்து 75 ஆயிரம் செலவாக வேண்டும். மிச்சம் 5 லட்சத்து 25 ஆயிரம் மூலநிதியோடு சேர்ந்தாலும் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ச்சிதான். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் ரூபாயின் மதிப்பு பாதியாகிவிடும். வைப்புநிதியை மட்டும் நம்பிய டிரஸ்ட், சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினாலே மெல்லத் தேயும்.

வழி இரண்டு. ஆண்டுதோறும் புதிதாக 20 முதல் 25 லட்சம் கார்பஸாகச் சேர்ப்பது. அல்லது ஒரு பகுதியைப் பங்குச்சந்தை சார்ந்த ஃபண்டில் வைத்து ஏற்ற இறக்கத்தைச் சகிப்பது. கையை வைத்துக் கார்பஸிலிருந்தே செலவிட்டால் அது 85 சதவீதக் கணக்கிலும் சேராது. எடுத்ததைத் திரும்ப இட்ட ஆண்டில்தான் சேரும், அதற்கும் கால வரம்பு உண்டு.

நாங்களே ஆள் போட்டு நடத்தறதா, இல்ல ஏற்கெனவே செய்யறவங்களுக்குக் கொடுக்கறதா?

முதல் மூன்று ஆண்டு கொடுத்துப் பாருங்கள். அந்தத் துறையில் என்ன கடினம் என்று தெரிந்தபின் சொந்தமாக நடத்தலாம். தொழிலில் ஜெயித்தவர் எல்லாவற்றையும் தாமே நடத்தத் துடிப்பது இயல்பு. ஆனால் இங்கே தப்புச் செய்தால் வாடிக்கையாளர் போய்விடுவது போன்ற எச்சரிக்கை மணி அடிக்காது. இலவசமாக வாங்குகிறவர் குறை சொல்ல மாட்டார்.

கொடுக்கும்போது இரண்டு கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று, "என் பணம் முழுக்கப் பயனாளிக்கே போகணும், சம்பளத்துக்கு ஒரு பைசா கூடாது" என்பது. சமூகப் பணியாளருக்கும் கணக்காளருக்கும் சம்பளம் இல்லாமல் எந்த அமைப்பும் நடக்காது. உங்கள் ஆலையும் நடக்காது. இன்னொன்று, ஆறு மாதத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு "ரிசல்ட் எங்கே" என்று கேட்பது. மூன்று ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தாருங்கள். தரும்முன் பான், 12ஏ, 80ஜி, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேளுங்கள். சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். டிரஸ்டிலிருந்து டிரஸ்டுக்குத் தந்தால், தந்த தொகையில் 85 சதவீதம்தான் உங்கள் செலவாகக் கணக்கில் ஏறும்.

அம்மா பேர்ல ஒரு ஆஸ்பத்திரியோ ஸ்கூலோ கட்டணும்...

கட்டுவது ஒருமுறைச் செலவு. மருத்துவர், செவிலியர், மின்சாரம், மருந்து, பழுதுபார்ப்பு எல்லாம் ஆண்டுதோறும். பத்தாண்டுக்கு அதை யார் தருவார் என்று எழுதிக் காட்ட முடியாவிட்டால் அடிக்கல் நாட்டாதீர்கள்.

அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. நடத்தும் பொறுப்பு மத்திய அரசின் ஆய்வு மன்றத்துடையது. இன்றும் அது நடக்கிறது. சிறிய அளவில் இதையே செய்ய, அரசுப் பள்ளிகளுக்கு உதவத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' திட்டம் இருக்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுத்து வகுப்பறை, கழிவறை, ஆய்வகம் என்று குறிப்பிட்டுத் தரலாம்.

அமெரிக்காவுல இருக்கற அண்ணனும் பணம் அனுப்பறேங்கறார். வாங்கிக்கலாமா?

அவர் கையில் என்ன பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக வருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓசிஐ அட்டை வைத்திருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக் கூடாது. பதிவுக்கு மூன்று ஆண்டு வயதும் 15 லட்சம் செலவிட்ட கணக்கும் வேண்டும். பணம் புது டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது.

இப்பவே எதுக்கு? உயில்ல எழுதி வெச்சா போதாதா?

பச்சையப்ப முதலியார் 1794-இல் உயில் எழுதி வைத்து அதே ஆண்டு மறைந்தார். சொத்து வழக்குகளில் சிக்கி, நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அவர் பெயரில் பள்ளி வந்தது: 1842-இல். 48 ஆண்டு. உயில், செய்தவர் இல்லாத நேரத்தில் பேசும் ஆவணம். அதை எதிர்க்க வாரிசுகளுக்குக் காரணமும் இருக்கும், காலமும் இருக்கும்.

கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதை அறத்துக்கு வைத்தார்கள். பி.எஸ்.ஜி அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ் அப்படி வந்தது. பாகப்பிரிவினை நாளிலேயே அறத்தையும் ஒரு பங்குதாரராக உட்காரவைத்ததால் பின்னால் சண்டைக்கு இடம் குறைந்தது. உயிலில் எழுதுவதாக இருந்தாலும், இப்போதே டிரஸ்டைத் தொடங்கிச் சிறிது நடத்திப் பாருங்கள். உயில், நடந்துகொண்டிருக்கும் டிரஸ்டுக்குக் கூடுதலாகத் தருவதாக மட்டும் இருக்கட்டும்.

பசங்களுக்கு இதுல ஆர்வமே இல்லை. எனக்கப்புறம்?

எல்லா அறக்கட்டளையும் நூறாண்டு வாழத் தேவையில்லை. விமான நிலையங்களில் வரியில்லாக் கடைகள் நடத்திச் சம்பாதித்த சக் ஃபீனி, சுமார் 800 கோடி டாலரைத் தம் வாழ்நாளிலேயே கொடுத்து முடித்து, 2020-இல் தம் அறக்கட்டளையை மூடினார். நீங்களும் பத்திரத்தில் "20 ஆண்டில் மூலநிதியோடு செலவிட்டு முடிப்பது" என்று வைக்கலாம். பத்திரம் எழுதும்போதே ஆடிட்டரிடம் மேலே சொன்ன கார்பஸ் விதியை வைத்து வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு மூன்று ஆண்டு முன்பே உதவி பெறும் அமைப்புகளுக்குச் சொல்லிவிட வேண்டும். புது மாணவர் சேர்க்கையை நான்காண்டு முன்பே நிறுத்த வேண்டும், அப்போதுதான் கடைசிப் பிள்ளை பட்டம் வாங்கும்வரை பணம் இருக்கும். ஊழியர்களின் பணிக்கொடையைத் தனியே எடுத்துவையுங்கள். மிச்சச் சொத்து பதிவு பெற்ற வேறொரு அறக்கட்டளைக்கு 12 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். குடும்பத்துக்குத் திரும்பினால், முன்பு சொன்ன நிகரச் சொத்து வரி அங்கேயும் வந்து நிற்கும்.